வேலையின் நடுவே பிட் மாற்றும்போது…
சி.என்.சி. இயந்திரம் வைத்திருப்போர் கவனத்துக்கு

ஒரு காலத்தில் கதவிலோ கட்டில் தலைமாட்டிலோ பூ வேலைப்பாடு வேண்டுமென்றால் உளி பிடிக்கத் தெரிந்த பாஸ் ஒருவரைத் தேடிப்போய், அவர் சொல்லும் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எமது ஊர்களின் தளபாட வேலைத்தளங்களில் அந்த வேலையைக் கணினி மூலம் இயங்கும் செதுக்கு இயந்திரங்கள் செய்கின்றன. சி.என்.சி. ரூட்டர் என்று நாம் அழைக்கும் இந்த இயந்திரத்தை நகையை அடகு வைத்தும், கூட்டுச் சேர்ந்தும், வெளிநாட்டில் உழைத்த சேமிப்பைக் கொண்டும் வாங்கிப் போட்டவர்கள் பலர். கதவு, அலுமாரி, கட்டில் மட்டுமன்றி, வீடுகளில் மாட்டும் ஆயத்துல் குர்ஸி பலகைகளும் பள்ளிவாசல்களின் மிஹ்ராப் அலங்காரங்களும் இவற்றில்தான் செதுக்கப்படுகின்றன.

இயந்திரத்தை விற்பவர் இரண்டு நாட்கள் நின்று பழக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே பிட்டால் முடியும் வேலைகளை அந்தப் பழக்கத்தோடு சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் கொஞ்சம் நுணுக்கமான எந்த வேலைக்கும் இரண்டு மூன்று பிட்டுகள் தேவை. பாதி வேலையில் இயந்திரத்தை நிறுத்தி, ஒரு பிட்டைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நான் சென்று பார்த்த வேலைத்தளங்களில் மூலையில் சாத்தி வைத்திருந்த பழுதான பலகைகள் பலவும் இந்த இடத்தில் பழுதானவைதான். "மெஷின் நல்லாத்தான் வெட்டுது, பிட்ட மாத்தினாப் பொறகுதான் பிழைக்குது" என்று பலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மையில் இயந்திரம் பிழைப்பதில்லை. பிட் மாற்றும்போது எது மாறுகிறது, எது மாறக்கூடாது என்ற ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொண்டால் இந்த நட்டத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துக்கொள்ளலாம். அதைத்தான் இவ்வாரம் விளக்க முனைகிறேன்.

இயந்திரத்துக்குக் கண் இல்லை

எண்களைக் கொடுத்து இயந்திரத்தை இயக்கும் முறை அமெரிக்காவில் உருவானது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 1952ஆம் ஆண்டு இத்தகைய இயந்திரம் ஒன்றைச் செயற்படுத்திக் காட்டியது. அன்று துளையிட்ட காகித நாடாவில் எண்கள் கொடுக்கப்பட்டன. இன்று பென் டிரைவில் கொடுக்கிறோம். அடிப்படை மாறவில்லை. இயந்திரத்துக்குப் பலகை தெரியாது, பிட் தெரியாது, பூவும் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும்.

இடம் வலமாகப் போவது எக்ஸ். முன் பின்னாகப் போவது வை. மேல் கீழாகப் போவது இஸட். வேலை தொடங்குமுன் நாம் ஓர் இடத்தைக் காட்டி, "இதுதான் பூச்சியம்" என்று சொல்கிறோம். அதன்பின் இயந்திரம் செய்வதெல்லாம் அந்தப் பூச்சியத்திலிருந்து அளந்து நகர்வதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. எக்ஸ், வை ஆகிய இரண்டினதும் பூச்சியம் ஸ்பின்டிலின் நடுமையத்தைக் கொண்டு குறிக்கப்படுகிறது. எந்தப் பிட்டைப் பூட்டினாலும் அந்த மையம் மாறாது. ஆனால் இஸட்டின் பூச்சியம் பிட்டின் நுனியைக் கொண்டு குறிக்கப்படுகிறது. பிட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினால் நுனி அதே உயரத்தில் நிற்காது. முன்னையதைவிட நீண்டோ குறுகியோ இருக்கும். அதே பிட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினாலும் கொஞ்சம் வித்தியாசப்படும்.

ஆகவே சட்டம் இதுதான்: பிட் மாற்றினால் இஸட் பூச்சியத்தைக் கட்டாயம் திரும்ப எடுக்க வேண்டும், எக்ஸ், வை பூச்சியங்களைத் தொடவே கூடாது. புதிதாகப் பழகுபவர்கள் மூன்றையும் சேர்த்து மீண்டும் எடுத்துவிடுகிறார்கள். கண்ணால் பார்த்து இரண்டாவது முறை வைக்கும் பூச்சியம் முதலாவதன் மேல் அச்சொட்டாக விழாது. ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் முதல் பிட் வெட்டிய கோடும் இரண்டாவது பிட் வெட்டும் கோடும் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும்.

ஓர் ஆயத்துல் குர்ஸி பலகை

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 18 மில்லிமீற்றர் எம்.டி.எப். பலகையில் ஆயத்துல் குர்ஸி செதுக்க வேண்டும். முதலாவதாக, 6 மில்லிமீற்றர் தட்டை பிட் நடுப்பகுதியை 3 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் குடைந்து தாழ்ந்த தளமொன்றை உண்டாக்கும். இரண்டாவதாக, 90 பாகை வீ பிட் அந்தத் தளத்தில் எழுத்துக்களை வெட்டும். மூன்றாவதாக, 3 மில்லிமீற்றர் பிட் மிஹ்ராப் வடிவ விளிம்பைச் சுற்றி வெட்டிப் பலகையைப் பிரித்தெடுக்கும். பிரித்தெடுக்கும் வேலை எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். முன்னரே வெட்டினால் பலகை பிடிமானம் இழந்து அசைந்துவிடும்.

இப்போது முதல் பிட் வேலையை முடித்துவிட்டது. வீ பிட்டைப் பூட்டியாயிற்று. இஸட் பூச்சியத்தை எங்கே தொட்டு எடுப்பது? பலகையின் நடுவில் வைத்துத் தொட்டால் அது 3 மில்லிமீற்றர் தாழ்ந்த தளம். புரோகிராமோ பலகையின் பழைய மேற்பரப்பைப் பூச்சியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் எழுத்துக்கள் யாவும் இருக்க வேண்டியதைவிட 3 மில்லிமீற்றர் கூடுதல் ஆழத்தில் வெட்டப்படும்.

வீ பிட்டில் ஆழம் கூடினால் அகலமும் கூடும். 90 பாகை வீ பிட் எவ்வளவு ஆழம் கூடுதலாக இறங்குகிறதோ அதன் இரு மடங்கு அளவுக்குக் கோடு அகலமாகும். 3 மில்லிமீற்றர் பிழை என்றால் 6 மில்லிமீற்றர் அகலம் கூடும். அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். பலகை குப்பைக்குப் போகும், அவ்வளவுதான்.

ஆபத்தானது சிறிய பிழை. அரை மில்லிமீற்றர் ஆழம் கூடினால் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீற்றர் அகலமாகும். இரண்டு புள்ளிகளுக்கிடையே 0.8 மில்லிமீற்றர் இடைவெளி மாத்திரம் விட்டு வரைந்திருந்தால் அவை ஒன்றாகச் சேர்ந்துவிடும். சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் தே எழுத்துக்கும் நூன் எழுத்துக்கும் வடிவம் ஒன்றுதான். மேலே இரண்டு புள்ளியா ஒரு புள்ளியா என்பதே வேறுபாடு. இதைச் செதுக்கும் சகோதரருக்கு விளங்க வேண்டியது என்னவென்றால், இஸட் பூச்சியத்தில் விட்ட அரை மில்லிமீற்றர் பிழை அல்லாஹ்வின் வார்த்தையில் ஓர் எழுத்தை மாற்றிக் காட்டக்கூடும். அழகாக மெருகூட்டிச் சுவரில் மாட்டிய பின்னர் அதை யார் கவனிப்பார்?

யாரும் வெட்டாத இடம்

இதற்குத் தீர்வு எளிது. எல்லாப் பிட்டுகளும் ஒரே இடத்தைத் தொட வேண்டும். அந்த இடம் எந்தப் பிட்டும் வெட்டாத இடமாக இருக்க வேண்டும்.

கையால் பிட் மாற்றும் இயந்திரங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இயந்திரத்தின் அடித்தட்டையே பூச்சியமாக வைப்பதைத்தான். புரோகிராம் தயாரிக்கும் மென்பொருளில் பூச்சியம் பலகையின் மேற்பரப்பிலா அடிப்பரப்பிலா என்று கேட்கும். அடிப்பரப்பு என்று கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பிட்டையும் பலகைக்கு வெளியே அடித்தட்டில் ஒரே மூலையில் தொட்டு எடுங்கள். பலகையின் மேற்பரப்பு முழுவதும் செதுக்கப்பட்டுப் போனாலும் அந்த மூலை அப்படியே இருக்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, பலகையின் உண்மையான தடிப்பை வேணியர் இடுக்கிமானியால் அளந்து மென்பொருளில் கொடுக்க வேண்டும். 18 மில்லிமீற்றர் என்று விற்கப்படும் பலகை சரியாக 18 ஆக இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. மற்றையது, அடித்தட்டு சமதளமாக இருக்க வேண்டும். அதன்மேல் போட்டிருக்கும் எம்.டி.எப். விரிப்பை அகலமான பிட் ஒன்றால் அவ்வப்போது மெல்லியதாகச் சீவி எடுத்தால் அது சமமாகிவிடும். சீவிய பின்னர் பழைய பூச்சியம் செல்லாது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தொடுவதற்குச் சிலர் கடதாசித் துண்டைப் பயன்படுத்துகிறார்கள். பிட் நுனிக்குக் கீழே கடதாசியை அசைத்து, அது பிடிபடும் இடத்தைப் பூச்சியமாக எடுப்பது பழைய முறை. சாதாரணக் கடதாசியின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். கவனமாகச் செய்தால் போதுமான முறைதான். மின்தொடுகைத் தட்டு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தத் தட்டின் தடிப்பைச் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். முக்கியமாக, ஒரு வேலையைக் கடதாசியால் தொடங்கினால் கடதாசியாலேயே முடியுங்கள். தட்டால் தொடங்கினால் தட்டாலேயே முடியுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

சில இயந்திரங்களில் ஒரு மூலையில் நிரந்தரமாகப் பொருத்திய தொடுகைமானி இருக்கும். அது செய்வது இதே கணக்கைத்தான். முதல் பிட் மேலிருந்து 62.40 மில்லிமீற்றர் இறங்கியதும் மானியைத் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பிட் 58.15 மில்லிமீற்றரிலேயே தொட்டுவிட்டது. அப்படியென்றால் இரண்டாவது பிட் 4.25 மில்லிமீற்றர் கூடுதலாக நீண்டிருக்கிறது. இயந்திரம் அந்தளவு பூச்சியத்தை மேலே தூக்கிக்கொள்ளும். இதைச் செய்யாமல் ஓடவிட்டால் ஒவ்வொரு வெட்டும் 4.25 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கும்.

எம்6 என்ற கட்டளையை நம்பலாமா?

இயந்திரத்துக்குப் போகும் எண்களும் எழுத்துக்களும் கொண்ட கட்டளைகளை ஜீ-கோட் என்கிறோம். அதில் எம்6 என்பது பிட் மாற்றும் கட்டளை. எம்5 ஸ்பின்டிலை நிறுத்தும். எம்0 வேலையைத் தற்காலிகமாக நிறுத்தும்.

தானாகப் பிட் மாற்றும் பெரிய இயந்திரங்களில் எம்6 வந்ததும் இயந்திரமே பழைய பிட்டை வைத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும். கையால் மாற்றும் சிறிய இயந்திரங்களில் எம்6 வந்தால் என்ன நடக்கும் என்பது கட்டுப்பாட்டுக் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. உதாரணமாக மாக்3 மென்பொருளில் எம்6 கட்டளையைக் கவனிக்காமல் விடும்படியும் அமைக்கலாம், ஸ்பின்டிலை நிறுத்திக் காத்திருக்கும்படியும் அமைக்கலாம். கவனிக்காமல் விடும் அமைப்பில் இருந்தால் 6 மில்லிமீற்றர் பிட்டே வீ பிட்டின் வேலையையும் செய்யத் தொடங்கிவிடும்.

ஆகவே கையால் மாற்றுபவர்கள் ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்வது பாதுகாப்பானது. கோப்பின் பெயரிலேயே வரிசை எண்ணையும் பிட்டையும் எழுதுங்கள்: "1-தட்டை-6", "2-வீ-90", "3-வெட்டு-3". கட்டுப்பாட்டுக் கருவி தமிழ் எழுத்தைக் காட்டாவிட்டால் அது காட்டும் எழுத்தில் எழுதுங்கள். யார் வந்து இயக்கினாலும் எது முதலில், எதற்கு எந்தப் பிட் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

இங்கே உயிருக்கும் உறுப்புக்கும் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம்0 வந்து இயந்திரம் அசையாமல் நிற்கிறது என்பதற்காக ஸ்பின்டிலும் நின்றுவிட்டது என்று பொருளல்ல. மரத்தூள் உறிஞ்சியின் இரைச்சலில் அது சுழல்வது காதில் விழாமலும் போகலாம். கை வைக்குமுன் ஸ்பின்டிலுக்குப் போகும் மின்சாரத்தைத் தனி ஆளியால் நிறுத்துங்கள். நின்றுவிட்டதைக் கண்ணால் உறுதிப்படுத்துங்கள். அதேவேளை அச்சுகளை இயக்கும் மோட்டார்களின் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். அவை இயங்காமல் நிற்கும்போதும் தலையைப் பிடித்து வைத்திருப்பது அந்த மின்சாரம்தான். அதை நிறுத்தினால் ஸ்பெனரை இறுக்கும் வேகத்தில் தலை நகர்ந்து எக்ஸ், வை பூச்சியங்கள் தொலைந்துவிடும். ஸ்பின்டிலுக்குத் தனி ஆளி இல்லாத இயந்திரம் என்றால், மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு ஒன்றைப் பொருத்திக்கொள்வது முதல் வேலை.

கொலட்டும் ஸ்பெனரும்

பிட்டைப் பிடித்து வைத்திருக்கும் பிளவுபட்ட சிறு குழாய்தான் கொலட். மரத்தூள் ஒட்டிய கொலட்டில் பிட் நேராக நிற்காது. சுழலும்போது நுனி தள்ளாடி, கோடு அகலமாகும். பிட்டும் சீக்கிரம் உடையும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கொலட்டையும் அதன் மூடியையும் தூரிகையால் துப்புரவு செய்யுங்கள்.

கொலட்டை முதலில் மூடிக்குள் "டக்" என்று அமரும்படி பொருத்திவிட்டு, அதன்பின்னரே ஸ்பின்டிலில் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது கொலட் உள்ளே சிக்கிக்கொள்ளும். 6 மில்லிமீற்றர் கொலட்டில் கால் அங்குலப் பிட்டைத் திணிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். அதற்குரிய கொலட் வேறு. இறுக்கும்போது இரண்டு ஸ்பெனர்களையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்துங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் இயந்திரத்தின் பாலமே அசையக்கூடும்.

நடுவழியில் பிட் உடைந்தால், மின்சாரம் போனால்

திட்டமிட்ட மாற்றம் ஒருபுறமிருக்க, திட்டமிடாத மாற்றமும் வரும். பிட் உடைந்தால் உடனே நிறுத்தி, எந்த வரியில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலையை மேலே தூக்கி, உடைந்த துண்டு பலகைக்குள் கிடக்கிறதா என்று தேடி எடுங்கள். அதே விட்டமும் அதே வடிவமும் கொண்ட பிட்டைப் பூட்டி, அதே மூலையில் இஸட் பூச்சியத்தை எடுங்கள். நின்ற வரியிலிருந்து தொடங்காமல், அதற்கு முன்னர் பிட் பலகைக்கு மேலே உயர்ந்து நிற்கும் வரியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். காரணம், ஜீ-கோட்டில் முன்னைய வரியொன்றில் கொடுத்த வேகமும் கட்டளையும் பின்வரும் வரிகளுக்கும் தொடர்ந்து செல்லும். அந்த வரியைத் தவறவிட்டு நடுவில் தொடங்கினால் ஸ்பின்டில் சுழலாமலே பிட் பலகைக்குள் இறங்கவும் கூடும். கொஞ்சத் தூரம் வெட்டிய இடத்திலேயே திரும்ப ஓடுவதால் நட்டமில்லை.

மின்சாரம் போவது எமது நாட்டில் புதினமல்ல. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றினால் ஏற்பட்ட கோளாறில் முழு நாடும் இருளில் மூழ்கியது. மின்சாரம் திரும்பி வந்ததும் சாதாரண இயந்திரத்துக்குத் தான் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. திரையில் பழைய எண் தெரிந்தாலும் தலை சற்று நகர்ந்திருக்கலாம்.

ஹோம் சுவிட்ச் உள்ள இயந்திரமானால் முதலில் ஹோம் இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வேலையின் பூச்சியத்துக்குச் செல்லலாம். அதற்கு ஹோம் இடத்திலிருந்து வேலையின் பூச்சியம் எவ்வளவு தூரம் என்பதை, வேலை தொடங்குமுன் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்க வேண்டும். ஹோம் சுவிட்ச் இல்லாதவர்கள், வெட்டி வீசப்போகும் ஓரத்தில் எக்ஸ், வை பூச்சியம் அமையும் இடத்திலேயே சிறு துளையொன்றை முதலில் போட்டுவிட வேண்டும். அதே பிட்டை அந்தத் துளைக்குள் மெதுவாக இறக்கிப் பார்த்துப் பூச்சியத்தை மீட்டெடுக்கலாம்.

நேரமும் பணம்தான்

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். பிட் மாற்றி, துப்புரவு செய்து, பூச்சியம் எடுத்து, சரிபார்க்க 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன பலகைக்கு மூன்று பிட், 24 நிமிடம். வெட்டும் நேரம் 50 நிமிடம் என்றால் மொத்தம் 74 நிமிடம். மென்பொருள் காட்டும் 50 நிமிடத்துக்கு மட்டும் கூலி வாங்குபவர் தனது நேரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இலவசமாகக் கொடுக்கிறார்.

ஒரே மாதிரியான ஐந்து பலகைகளுக்கு ஓடர் வந்தால் ஒவ்வொன்றாக முடிக்க வேண்டாம். 8க்கு 4 அடி பலகையில் ஐந்தையும் அடுக்கி, முதல் பிட்டின் வேலையை ஐந்துக்கும் முடித்துவிட்டு இரண்டாவது பிட்டுக்குப் போங்கள். தனித்தனியாகச் செய்தால் 15 தடவை பிட் பூட்ட வேண்டும், 120 நிமிடம். சேர்த்துச் செய்தால் மூன்று தடவை; 24 நிமிடம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம்.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியியலாளர் இந்தக் கணக்கையே தனது வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். 1969ஆம் ஆண்டு டொயோட்டா தொழிற்சாலையில் 1000 தொன் அழுத்தி ஒன்றின் அச்சை மாற்ற நான்கு மணித்தியாலம் பிடித்தது. அதை முதலில் 90 நிமிடமாகவும் பின்னர் 3 நிமிடமாகவும் குறைத்தார்கள். அவர் செய்த முக்கிய காரியம், இயந்திரம் நிற்கும்போது மட்டும் செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்ததுதான். எமது வேலைத்தளத்துக்கும் இது பொருந்தும். அடுத்த பிட், அதற்குரிய கொலட், இரண்டு ஸ்பெனர், தூரிகை, கடதாசி அல்லது தட்டு, கோப்பின் பெயர் என அனைத்தையும் முதல் பிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். இயந்திரம் நின்ற பின்னர் ஸ்பெனரைத் தேடுவதில் போகும் நேரத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள்.

தானாகப் பிட் மாற்றும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்கள், முதலில் ஒரு மாதத்துக்கு நாளொன்றில் எத்தனை தடவை பிட் மாற்றுகிறீர்கள் என்பதை எழுதி வாருங்கள். அதை 8 நிமிடத்தால் பெருக்கி, உங்கள் மணித்தியாலக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளுக்கு நான்கைந்து தடவைதான் என்றால் அரை மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கடன்படத் தேவையில்லை.

வாடிக்கையாளரின் மரம் ஓர் அமானிதம்

வாடிக்கையாளர் தனது தேக்கையோ முதிரையையோ கொண்டுவந்து தந்து, "இதில் செதுக்கித் தாருங்கள்" என்று சொல்லும்போது விடயம் பாரதூரமாகிறது. எம்.டி.எப். பழுதானால் வேறொன்று வாங்கலாம். வாப்பா காலத்தில் அறுத்துக் காயவைத்த முதிரைப் பலகைக்கு மாற்று எங்கே வாங்குவது?

கூலிக்கு வேலை செய்பவரின் கையில் பொருள் பழுதானால் யார் பொறுப்பு என்பதில் மத்ஹபுகளிடையே விரிவான கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஆனால் வேலை செய்தவரின் கவனயீனத்தால் பழுதானால் அவரே ஈடு செய்ய வேண்டும் என்பதில் வேறுபாடில்லை. மரத்துக்குள் மறைந்திருந்த ஆணியில் பட்டுப் பிட் உடைவது வேறு. பிட் மாற்றிவிட்டு இஸட் பூச்சியத்தை எடுக்காமல் ஓடவிடுவது வேறு. இரண்டாவது கவனயீனமே. "மெஷின் செஞ்ச பிழை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேலையை ஏற்கும்போதே பலகையின் நிலை, ஆழம், கூலி, பழுதானால் என்ன செய்வது என்பவற்றை இரு தரப்பும் எழுதிக்கொள்வது நல்லது. குறிப்பான பிரச்சினைகளுக்கு உங்கள் ஊர் உலமாக்களிடம் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒட்டிக்கொள்ள

பிட் மாற்றும்போது செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன். ஒரு மட்டையில் பெரிதாக எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

1. தலை மேலே உயர்ந்து நிற்கிறதா என்று பார்க்கவும்.
2. ஸ்பின்டிலின் மின்சாரத்தைத் தனி ஆளியால் நிறுத்தவும். சுழற்சி நின்றதைக் கண்ணால் பார்க்கவும்.
3. பிட்டையும் கொலட்டையும் கழற்றித் துப்புரவு செய்யவும்.
4. புதிய பிட்டின் விட்டத்தையும் வடிவத்தையும் கோப்பின் பெயரோடு ஒப்பிடவும்.
5. கொலட்டை மூடியில் அமர்த்திப் பூட்டி, இரண்டு ஸ்பெனர்களால் இறுக்கவும்.
6. எக்ஸ், வை பூச்சியங்களைத் தொட வேண்டாம்.
7. இஸட் பூச்சியத்தை அதே மூலையில், அதே முறையில் எடுக்கவும்.
8. பலகையின் வெட்டப்படாத ஓரத்துக்கு மேலே 20 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும்படி கட்டளை கொடுத்து, உண்மையில் 20 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளக்கவும்.
9. சரியான கோப்பைத் தெரிவுசெய்து, முதல் வெட்டு முடியும்வரை அவசர நிறுத்த ஆளியில் கை வைத்திருக்கவும்.

எட்டாவது படியைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது. பூச்சியம் பிழையாக இருந்தால் பலகையில் தெரியுமுன் அடிமட்டத்தில் தெரிந்துவிடும். வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பிமாருக்கு இயந்திரத்தை ஓட்டப் பழக்குமுன், இந்த ஒன்பதையும் பார்க்காமல் சொல்லப் பழக்குங்கள். குர்ஆன் வசனங்கள் செதுக்கும் பலகையானால், பூச்சுப் பூசுமுன் ஓதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைப் பத்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.